பஞ்சு வைத்த ஹெல்மெட்

“கழட்டுங்க அதை! கழட்டி வெச்சிட்டு பஸ்ஸுல போங்க!”

“போட்டுக்கினு போ, போட்டுக்கினு போன்னு மூக்கைச் சிந்திக்கினு நின்னவ நீதானடி? இப்ப இன்னா—”

“இப்ப வேணாம்ன்றேன்!”

“—இப்பதான் சொகமா இருக்குது, இப்ப வேணாமா?”

“சொகமா இருக்குதுல்ல, அதான் வேணாம்!”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் இப்படியொரு சண்டை காஞ்சிபுரத்தில் வேறெந்த வீட்டிலும் நடந்திருக்காது. புருஷன் தலையிலிருந்த ஹெல்மெட்டை நான் பிடித்து இழுக்கிறேன். அவர் தாடைக்குக் கீழே இருந்த வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறார். குழாயடிக்குப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். தப்பு முழுக்க என்னுடையது. நான் அவ்வளவு சத்தம் போட்டதற்கும் அதுதான் காரணம்.

என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவுகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வாலாஜாபாத், திருப்புட்குழி என்று நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ரோட்டில் லாரிகள் போகிற போக்கைப் பார்த்து பயந்து, மெட்ராஸில் இருந்த என் தம்பியிடம் சொல்லி ஒரு ஹெல்மெட் வாங்கினேன். அவர் அதைத் தலையில் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

“உள்ள பாரு. வெள்ளையா பலகை மாதிரி இன்னாத்தையோ ஒட்டி வெச்சிக்கிறான். நெத்தியைப் போட்டு அழுத்துது. திருப்புட்குழி போறதுக்குள்ள தலைவலி வந்துடுது.”

“தலை இருந்தாத்தானே தலைவலி?”

“உன்னைக் கட்டிக்கின நாளா இருக்குது, ரெண்டும்.”

மூன்று மாதம் அந்த ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேலேயே சவாரி செய்தது. டேங்குக்கு ஒரு கீறல் விழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் மெத்தை தைக்கிறவள். கல்யாண வீடுகளுக்கு இலவம்பஞ்சு மெத்தை, தலையணை என்றால் எங்கள் பக்கத்தில் பொன்னியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷம் பஞ்சோடு பழகியதில், உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் ஒரு கைப்பிடி பஞ்சு வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே கெட்டியாக தெர்மோகோல்.

‘கட்டில் கட்டையில் தலை வைத்தமாதிரி அல்லவா இருக்கும்! செய்தவனுக்குத் தலையணை என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு, கத்தியை விட்டு முழுசாகப் பெயர்த்து எடுத்தேன். ஐ.எஸ்.ஐ. என்று அச்சடித்த ஒரு சீட்டு காதோரம் ஒட்டியிருந்தது. அது உரசும் என்று அதையும் கிழித்தேன். சர்க்கார் முத்திரை வைத்து அனுப்பியதில் நான் திருத்தம் செய்கிறேன் என்ற எண்ணம் கொஞ்சம்கூட வரவில்லை. முதல்தரப் பஞ்சை அடித்து நிரப்பி, அரக்கு நிற வெல்வெட்டில் உறை தைத்து, ஓரத்துக்கு ஜரிகை நாடாவும் வைத்தேன். உச்சியிலிருந்து பெயர்த்த வெள்ளைத் துண்டு கிண்ணம்போல அழகாக இருந்தது. மெத்தை ஊசிகளைக் குத்தி வைக்க எடுத்துக்கொண்டேன்.

அவர் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார்.

“அடி பொன்னி! மடியில தலை வெச்சுப் படுத்த மாதிரி இருக்குதுடி!”

அன்றைக்கு அவருக்கு வடை இரண்டு கூடுதலாக விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, அதைப் போட்டபடியே தூங்கினாராம். அரை மணி நேரம் பிடிக்கும் வாலாஜாபாத்துக்கு இருபது நிமிஷத்தில் போக ஆரம்பித்தார். ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டால், “நீ தெச்சது தலையில இருக்கச்சொல்லோ எனக்கு இன்னா பயம்?” என்பார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போவேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

இந்த அழகில்தான், சண்டைக்கு முதல்நாள் பக்கத்து வீட்டு மேரி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலையணைக்கு அளவு சொல்ல வந்தவளின் கண் என் ஊசிக் கிண்ணத்தில் நின்றது.

“அக்கா, இது எதுல இருந்து எடுத்தது?”

“உங்க அண்ணன் ஹெல்மெட்டுல இருந்துதான். ஒரே கெட்டியா இருந்துதும்மா. எடுத்துட்டு பஞ்சு வெச்சிட்டேன். உங்க ஊட்டுக்காரருக்கும் வேணும்னா கொண்டா, தெச்சுத் தரேன்.”

மேரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“போன வாரம் ஒருத்தரைத் தூக்கிக்கினு வந்தாங்கக்கா. அவரும் உள்ள இருந்ததைப் பிச்சிப் போட்டவர்தான், காத்தோட்டமா இருக்கட்டும்னு. அவங்க சம்சாரம் ஹெல்மெட்டை மடியில வெச்சிக்கினு, ‘பாரும்மா, ஒரு விரிசல்கூட இல்லியே, பாரும்மா’ன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கினே இருந்தாங்க.”

“அவரு?”

மேரி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“மேல் ஓடு கல்லு கிழிக்காம பார்த்துக்கும், அவ்ளோதான். அடியை வாங்கறது இந்த வெள்ளைதான். தலை நசுங்கறதுக்குப் பதிலா இது நசுங்கும். பஞ்சு இன்னா பண்ணும்? தட்டையாகி வழி விட்டுடும்.”

“இருபது வருசமா பஞ்சு தட்டறேன், எனக்கே பஞ்சு பத்திச் சொல்றியா நீ?”

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். இருப்பதிலேயே நல்ல தலையணையைத் தரையில் வைத்து, ஓங்கி ஒரு குத்து விட்டேன். முட்டி நேராகத் தரையில் போய் இடித்தது. நான் தைத்த தலையணையே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதனால்தான் மறுநாள் காலை வாசலில் அந்த இழுபறி. சத்தம் கேட்டு மேரி வந்தாள். கையில் உரித்த தேங்காய் இரண்டு.

“அண்ணே, பொம்பளைங்க சொன்னா நம்பமாட்டீங்க. தேங்காய் சொன்னா?”

“பந்தயமே கட்றேன். என் பொண்டாட்டி தெச்சதுக்குள்ள எது வெச்சாலும் உடையாது.”

இவ்வளவு கெட்ட நேரத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைப் புகழ்ந்திருக்கமாட்டான்.

ஹெல்மெட்டுக்குள் ஒரு தேங்காயை உச்சியில் அழுத்தி வைத்து, அசையாமல் துணி அடைத்து, வாரால் கட்டி மேரியிடம் கொடுத்தேன். அவள் மாடிக்குப் போய், உச்சி கீழே பார்க்கும்படி பிடித்து, துவைக்கிற கல்லுக்கு நேராக விட்டாள். டொக்கென்று ஒரு சத்தம். ஹெல்மெட் உருண்டு அவர் காலடியில் நின்றது. மேலே ஒரு கீறலும் இல்லை.

“பார்த்தியா?” என்று சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தார். அரக்கு வெல்வெட்டிலிருந்து தேங்காய்த் தண்ணீர் சொட்டியது. உள்ளே தேங்காய் மூன்று சில்லாகக் கிடந்தது.

“இன்னொண்ணு இருக்குது,” என்றாள் மேரி. ஈரப் பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டோம். ஊசிகளை உருவிவிட்டு என் கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே பொருத்தினேன். மறுபடி மாடி, மறுபடி டொக். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, குனியவுமில்லை. நானே பிரித்தேன். தேங்காய் முழுசாக இருந்தது. தெர்மோகோல்தான் ஒரு பக்கம் குழிந்து நொறுங்கியிருந்தது.

“அப்போ இதையே திரும்ப ஒட்டிக்கலாமா?” என்றேன், ஆசையாக.

“ஒரு அடிதான் தாங்கும்கா. இது வாங்கிடுச்சு. புதுசுதான் வாங்கணும்.”

இருந்த ஒன்றையும் நானே கெடுத்து முடித்தேன். ஊசி குத்தி வைக்கவும் இடமில்லை.

அவர் உடைந்த சில்லு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கையால் தன் உச்சந்தலையை மெதுவாகத் தடவினார்.

“நேத்து வாலாஜாபாத்ல இருந்து எத்தினி நிமிசத்துல வந்தேன் தெரியுமா?”

“சொல்லாதீங்க,” என்றேன்.

அன்றைக்குப் பாவு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். வீட்டில் மூன்று நாள் தேங்காய்த் துவையல். மூன்றாம் நாளும் துவையல்தானா என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மெட்ராஸ் போனோம். கடைக்காரர் எடுத்துப்போட்ட ஒவ்வொன்றையும் கவிழ்த்து, உள்ளே விரலால் தட்டிப் பார்த்து, முத்திரைச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கினோம்.

திங்கட்கிழமை காலை வண்டியில் உட்கார்ந்து அதை மாட்டினார். நான் வாரை இழுத்துக் கட்டினேன். முகத்தைச் சுளித்தார். இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். மேரி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

“நெத்திக்கிட்ட மட்டும், ஒரு விரல்கடை எடுத்துட்டு, துளியூண்டு பஞ்சு வெச்சா இன்னாடி ஆயிடும்?”