வெறும் மாத்திரை

பிரசவத்தில் தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றும் ஒரு நோய்க்கு அதுவரை மருந்தே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பெண் மருத்துவர் பத்தொன்பது வருடம் பாடுபட்டார். கடைசிச் சோதனையில் அந்த நோயுள்ள கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மருந்தும், மற்றவர்களுக்குப் பார்க்க அதேபோன்ற, மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு வரும்வரை யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. மருந்து பலித்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே கொண்டாட்டம். அவரோ, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினார்.

மூன்றாவது வீடு ஒரு தையல்காரியுடையது. அவள் மகன் ஒன்பதே நாள்தான் உயிரோடிருந்தான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"எனக்கு எதைக் குடுத்தீங்க டாக்டரம்மா?"

சுற்றி வளைக்க அவருக்கு மனம் வரவில்லை. "வெறும் மாத்திரைதாம்மா."

"ஒரு நாள்கூடத் தவறாம முழுங்கினேனே!" அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ, என் புள்ள போனதாலதான் மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுதா?"

மருத்துவர் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமாம்மா. உங்க புள்ளையாலயும்தான்."

தையல்காரி மெஷினில் கிடந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "என் தங்கச்சிக்கும் இதே நோய்தான், இப்போ ஏழாம் மாசம். அவளுக்காவது நிஜ மாத்திரை கிடைக்குமா?"

"கிடைக்கும். நானே கொண்டுவந்து தர்றேன்."

தையல்காரி தலையாட்டினாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மருத்துவரால் தாங்கியிருக்க முடியாது. தெருமுனை வரை எப்படியோ அடக்கிக்கொண்டு நடந்தார். அங்கே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.