ஆறு வார நுரை

1

இந்தக் கதை பாத்திரம் கழுவும் தொட்டியில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "இளங்காலைப் பனியில் ஓடை வெள்ளிக் கம்பியாக..." வேண்டாம். நடைபாலத்துக்குக் கீழே முழங்கால் ஆழத் தண்ணீர், அவ்வளவுதான்.

கதாநாயகர் கடைத் தராசுகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கக் கை பரபரத்ததால் ஓடையைக் கண்காணிக்கும் தொண்டர் குழுவில் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குவார். கல்லைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணுவார். குப்பியில் தண்ணீர் பிடித்துக் குலுக்கி, நுரையை அளந்து எழுதுவார். தெருவில் அவருக்கு ஓடை டாக்டர் என்று பெயர். (கேலிக்கு வைத்தது. அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.)

2

ஆறு வாரமாக நுரை. ஓடையின் மேல்புறத்தில் இருப்பது ஒரே ஒரு சலவைக்கடை, அதுவும் அவருடைய கூடப்பிறந்த தம்பியின் கடை. [ரொம்பத்தான் பொருந்தி வருகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள், வாசகரே. நான் என்ன செய்ய?] அறிக்கை நகராட்சிக்குப் போனது. திங்கட்கிழமை கடையைப் பூட்டப் போகிறார்கள்.

தம்பி வந்து வாசலிலேயே நின்றார். "ஒரு சொட்டு சோப்புத் தண்ணிகூட ஓடையில விடலண்ணா. என்னை நம்ப மாட்டீங்களா?"

"நான் நம்புறது இருக்கட்டும். அளவு பொய் சொல்லாதுடா."

இந்த இடத்தில் அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

3

சேற்றுக் குப்பிகள் அடுக்களைக்குள் வருவதைப் பொறுக்காத அவர் மனைவி, ஆறு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கிறாள். நன்றாக அலசும் பொறுமை மட்டும் அவளுக்குக் கிடையாது. ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகே குப்பியை நிரப்ப வேண்டும் என்பது குழுவின் விதி. இப்படிப் பளபளக்கும் குப்பியை எதற்கு அலசுவது என்று அவரும் விட்டுவிட்டார்.

நேற்று அவள் மிச்சமிருந்த குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு விரல் நுரை. அந்தக் கணக்குப்படி எங்கள் குழாய்க்குள்ளும் ஒரு சலவைக்கடை நடக்கிறது.

(எங்கள் என்று எழுதிவிட்டேனே. அடிக்கலாமா? இருக்கட்டும்.)

4

முடிவு ஒன்று: அவர் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி...

முடிவு இரண்டு: மனைவியே நகராட்சி அலுவலகத்தில் போய்ச் சொல்கிறாள். தெருவே சிரிக்கிறது. அவர் அதற்குப் பிறகு ஓடைப் பக்கம் போவதே இல்லை.

மூன்றாவதில் யாரும் வாய் திறக்கவில்லை, கடையை... இதை என்னால் எழுத முடியாது.

வாசகரே என்று பெரிதாகக் கூப்பிட்டேன். இதைப் படிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். நேரில் சொல்லப் பயந்துதான் காலையிலிருந்து இதைக் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாகக் கழுவாதது நான், அலசாதது நீங்கள். நாளை திங்கட்கிழமை. முதல் முடிவைப் பாதியில் விட்டிருக்கிறேன். வாருங்கள், நானும் கூட வருகிறேன்.