தெப்பக் கூலி ஒரு கன்று

என் புருஷன் அய்யனார் ஜெயிலுக்குப் போனவர். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. திருடிவிட்டா போனார்? எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு, எண்பத்தேழு புரட்டாசியில் நடந்த சாலை மறியலில் போனார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போகும் முன் ஒரு காரியம் செய்தார். கச்சிராயபாளையம் ரோட்டோரம் நின்ற பெரிய புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த மரத்தடியில்தான் பஷீர் அகமது பாயின் பஞ்சர் கடை. கரும்பு லாரிகள் நிழலுக்கு நிற்கும். நின்ற லாரியில் ஏதாவது ஒரு டயர் பாய்க்கு வேலை வைக்கும். மரம் போனதும் லாரிகள் நிற்காமல் போயின. பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவருக்கும் சேர்த்து ஊர் பேசியது. ஜாமீனில் வந்த அய்யனார் கடைத்தெருவில் நடந்தால், "மரம் வெட்டுனவரு போறாரு" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும். அவர் அந்த ரோட்டையே விட்டுவிட்டு வயல் வரப்பில் சுற்றிப் போக ஆரம்பித்தார். போலீஸ் வேனுக்குப் பயப்படாத மனுஷன் ஒரு பஞ்சர் கடைக்குப் பயந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அந்த ரோட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் கோமுகி ஆற்றின் கரை பல இடங்களில் சரிந்து கிடந்தது. விறகுக்கென்று கரைமரங்களை ஊரே வெட்டித் தீர்த்துவிட்டது. மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை. வருகிற மண்ணெல்லாம் அணைக்குள் போய்ப் படிந்துகொண்டிருந்தது. அங்கே கன்று நடலாமென்றால் வண்டிப்பாதை கிடையாது. காணும் பொங்கலுக்கு எப்படியும் சனம் பிள்ளை குட்டிகளோடு, கட்டுச்சோற்றோடு அணைக்கு வரும். அவர்களை மலையடிவாரத்தில் தெப்பத்தில் ஏற்றி, ஆற்றோடு அணை வரைக்கும் கொண்டுவந்தால் என்ன? வழியில் இறங்கி நட்டுக்கொண்டே வரலாம். தெப்பக் கூலி ஆளுக்கு ஒரு கன்று. புங்கன், நாவல், மருது, எது கிடைத்தாலும் சரி.

மாதர் சங்கத்தில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

"தெப்பம் வுடப்போறது ஆரு?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"எங்க வூட்டுக்காரரு."

தட்டின கைகள் அப்படியே நின்றன.

தெப்பத்துக்கு மூங்கில் எங்கள் கொல்லையில் இருந்தது. மிதக்க லாரி டியூப் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பழைய லாரி டியூப் இருப்பது ஒரே இடத்தில்தான். அது எந்த இடம் என்று அய்யனாருக்கும் தெரியும்.

"வேற எங்கனா பாக்கலாம் மணி" என்றார்.

"வேற எங்க பாக்கறது? நீங்க வரீங்களா, நான் போவட்டுமா?"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஏற்கெனவே தண்ணீர் காட்டியாகிவிட்ட மாடு அது. நான்தான் போனேன்.

பாய் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும் நான் தயார் செய்துகொண்டு போன பேச்செல்லாம் மறந்துவிட்டது. வந்த விஷயத்தை நேராகச் சொன்னேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "உம் புருஷன் ஜெயிலுக்குப் போனது புள்ளைங்களுக்காவ. அத நான் தப்புன்னு சொல்லமாட்டேம்மா. ஆனா மரத்த சாய்க்கசொல்லோ என்னை ஒரு வார்த்த கேட்டாரா?"

"கேக்கல பாய்."

பாய் எழுந்து உள்ளே போய் டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "எடுத்துக்கினு போ. ஆனா காத்து நான்தான் அடிப்பேன். ஒட்டுப் போட்டது நானு. தண்ணியில போயி எம்பேரு கெடக்கூடாது."

காணும் பொங்கலன்று மலையடிவாரத்தில் டிராக்டரிலும் மாட்டுவண்டியிலும் சனம் வந்து இறங்கியது. பாய் சொன்னபடி விடிகாலையிலேயே வந்து காற்றடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். தெப்பம் தண்ணீரில் ஜம்மென்று மிதந்தது. அய்யனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கில் கழியோடு அதன்மேல் நின்றார். எல்லோர் கையிலும் கன்று இருந்தது. ஏறத்தான் ஆள் இல்லை.

வடக்கனந்தல் நாராயணசாமி, நாலு காணி கரும்பு உள்ளவர், குரல் கொடுத்தார். "மரத்த கவுக்கத் தெரிஞ்சவருக்கு தெப்பத்த கவுக்க எம்மா நேரம் ஆவும்?"

கரை முழுக்கச் சிரித்தது. அய்யனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாராயணசாமிக்கு அவர் ஏழு தலைமுறையும் மறக்காத பதில் ஒன்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி இறங்கி வந்தாள். பாயின் மனைவி அஸ்ரப் நிஷா. ஒரு கையில் மகள் பாயிஸா, இன்னொரு கையில் சாக்குத் துணி சுற்றிய கன்று. "மரம் வெட்டத் தெரிஞ்சவருக்கு மூங்கில் கட்டத் தெரியாதா? நவுருங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பிறகு கரையைப் பார்த்து, "இன்னாங்க, காத்தடிச்ச நீங்களே ஏறலன்னா வேற ஆரு ஏறுவாங்க?" என்றாள்.

பாய்க்குத் தண்ணீர் என்றால் ஆகாது. கணுக்கால் நனைந்தாலே முகம் வெளுத்துவிடும். ஆனால் கேள்வி அவர் போட்ட ஒட்டைப் பற்றியது. வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்து ஏறினார். தெப்பம் லேசாக ஆடியதும் கண்ணை இறுக மூடி, கைக்கு அகப்பட்டதைக் கட்டிப் பிடித்தார். அகப்பட்டது அய்யனாரின் கால்.

நானும் செல்லியம்மாளும் ஏறிக்கொண்டோம். தெப்பம் நகர்ந்தது. ஒரு திருப்பத்தில் நீருக்குள் கிடந்த வேரில் மாட்டிக்கொண்டு நின்றது.

"பாய், கால வுடுங்க. எறங்கித் தள்ளணும்."

"வுடமாட்டேன்!"

பாயிஸா விழுந்து விழுந்து சிரித்தாள். அய்யனார் மெதுவாகக் காலை விடுவித்துக்கொண்டு குதித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். பாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். தண்ணீர் அய்யனாரின் இடுப்புக்குத்தான் இருந்தது.

"இவ்ளோதானா ஆழம்? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்?"

மரம் விழுந்த நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். அய்யனார் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார்.

"மரத்த வெட்றதுக்கு மின்ன ஒங்கள கேட்டிருக்கணும் பாய். கேக்காதது தப்பு."

பாய் உட்கார்ந்தபடியே விளிம்புக்கு நகர்ந்து வந்தார். ஏறுவதற்குக் கை கொடுத்தார். நான் செல்லியம்மாள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் நட்டுக்கொண்டே அணை போய்ச் சேர்ந்து திரும்பியதும், ஏறுவதற்கு ஒரே தள்ளுமுள்ளு. நாராயணசாமி குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றார். நான் அவரைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்க வைத்தேன். பொழுது சாயும்வரை தெப்பம் போவதும், டிராக்டரில் ஏறித் திரும்பி வருவதுமாக இருந்தது. சரிந்த கரையெல்லாம் புங்கனும் நாவலும் மருதும் நின்றன. பிள்ளைகள் தங்கள் கன்றுக்குத் தங்கள் பெயரையே வைத்துக் கூப்பிட்டன.

நிஷாக்கா மட்டும் கன்றை நடவில்லை. அணைக்கரையில் அவளை மறித்துக் கேட்டேன். "கூலி எங்கக்கா?"

அவள் சாக்குத் துணியைப் பிரித்தாள். புளியங்கன்று. "வெட்டுன மரத்துக்கு அடியில மொளச்சது. இது ஆத்துக்கு இல்ல, ரோட்டுக்கு" என்று, அத்தனை பேர் முன்னால் அய்யனாரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வரப்பில் போகவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நடந்தார். பக்கத்தில் நான், கன்றோடு. கடைத்தெருவே பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன். பாய் கடை முன்னால் நட்டு முள்வேலி கட்டினோம். அன்றிலிருந்து தினமும் காலையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் அய்யனார் கணக்கு.

கேட்ட இட ஒதுக்கீடு அப்போதும் வரவில்லை. அடுத்த மறியலுக்கு அழைப்பு வந்தது. மறியலன்று விடிந்ததும் பையன்கள் கோடாலியோடு வந்து நின்றார்கள். "அண்ணே, எந்த மரம்?"

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போன அய்யனார் குடத்தைக் கீழே வைத்தார். நடு ரோட்டுக்குப் போய்த் துண்டை விரித்தார். அன்று அந்தப் புளியமரம் விழுந்து கிடந்த அதே இடத்தில் குறுக்கே படுத்தார்.

"மரம் எதுக்குடா? நாம இல்ல? வாங்க, வந்து படுங்க."

கோடாலிகளை வேலியோரம் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒரு வண்டி நகரவில்லை. பாய் கடையிலிருந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். உச்சி வெயிலில் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. என் புருஷன் இரண்டாவது முறையாக ஜெயிலுக்குப் போனார், தலை நிமிர்ந்து.

வேன் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "மணி, காலையில கன்னுக்குத் தண்ணி ஊத்தல!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பஷீர் பாய் குரல் வந்தது.

"நான் ஊத்திக்கிறேன் அய்யனாரு. நீ போய்ட்டு வா."