திறந்த கதவு

பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழிந்த ஒரு மாலையில், படுக்கையறைக் கதவை அவளே திறந்தாள்.

“தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. சேர்ந்து சாப்பிடலாம்.”

கண்டக்டர் கூடத்திலேயே தயங்கி நின்றார். மாற்றுச் சிறுநீரகம் வைத்ததிலிருந்து அவர் மனைவி, உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கி வைத்தது. அவரோ பொழுதெல்லாம் பேருந்து நெரிசலில் ஊரார் மூச்சுக்கு நடுவே நிற்கிறவர். கொரோனாத் தொற்று பரவத் தொடங்கியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். பேச்செல்லாம் கதவு வழியாகத்தான். செருப்புக் கடையில் வேலை பார்த்தவள் அவள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற கால்களைப் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்கு எட்டுதான் சரி, ஒன்பதைப் போட்டுக்கிட்டு இழுத்துட்டுப் போறாரு” என்று உள்ளிருந்து சொல்வாள். இவர் வெளியே சிரிப்பார்.

“டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்களே.”

“அதான் இந்த ஊசியும் போட்டாச்சே. இன்னும் கதவோடயே குடும்பம் நடத்தச் சொல்றீங்களா?”

அவர் உள்ளே போனார். கட்டிலில் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவி வந்தவள் அவர் தலையைத் தடவி, “இவ்வளவு நரைச்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லல” என்றாள். அன்று அவர் பாயை விரிக்கவில்லை.

சில நாளில் அவருக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. பேருந்துத் தூசி என்று நினைத்து வெந்நீர் குடித்தார், மறுநாளே சரியாகிவிட்டது. அந்த வார முடிவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

“ஊசி போட்டிருந்தாளே டாக்டர்” என்றார் ஆஸ்பத்திரி நடையில்.

டாக்டரம்மா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். “போட்டாங்க. ஆனா உங்க உடம்புல அது வேலை செய்யற மாதிரி அவங்க உடம்புல செய்யாது. அந்த மாத்திரை விடாது.”

“அப்ப எல்லாம் வீணா?”

“வீண் இல்லைங்க. அதுவும் இல்லன்னா இந்த அளவுக்குத் தாங்கியிருக்க மாட்டாங்க. இவங்க மாதிரி ஆளுங்களுக்குச் சுத்தி இருக்கிறவங்கதான் காவல்.”

அந்த அம்மா குற்றம் சொல்லவில்லை. நாள்தோறும் பலரிடம் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை கண்டக்டர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

உடம்பை மூடிய அங்கியும் கையுறையும் மாட்டி, சிறிது நேரம் பார்க்க விட்டார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

“உங்களுக்கு… எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல.” அதைச் சொல்ல அவருக்கு நாக்கூசியது.

“நல்லவேளை.” மூச்சைக் கூட்டிக்கொண்டாள். “நான்தானே கூப்பிட்டேன். நீங்க… மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

முகமூடியின் வாரில் அவள் காதோர முடி சிக்கி, தோல் சிவந்திருந்தது. குனிந்து, கையுறைக்குள் மரத்துப்போன விரல்களால் பிரிக்கப் பார்த்தார். இழுத்தால் வார் நகர்ந்தது; விட்டால் முடி இறுகியது. ஒவ்வொரு இழையாக எடுக்கத் தொடங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவர் கைக்கு வாகாகத் தலையைச் சற்றே சாய்த்துக் கொடுத்தாள்.