ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்

இரண்டாவதாக வந்தவரை படப்பிடிப்பு மேனேஜருக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பாமல் அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையைத் தட்டியபிறகுதான், என்னையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். வந்திருப்பதோ சவுண்ட் மிக்ஸர் வேலைக்கு. படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து நடிகர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்யவேண்டிய வேலை அது. வேறு சமயமாக இருந்தால் மேனேஜர் ஒரு டீயைக் கொடுத்து வாசலைக் காட்டியிருப்பார். இப்போதோ பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, நாளைக்கே சேர முடியுமா என்று கேட்டார்.

முதலில் வந்தவரை ஐந்தே நிமிடத்தில் அனுப்பியாயிற்று. அந்த மனிதர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, ஃபேனில் பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். அப்படிப்பட்ட பாம்புக்காது மேனேஜருக்கு இப்போது ஆகாது. இருபது வருடமாகத் தேடித்தேடி நல்ல ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர், வாழ்க்கையில் முதல்முறையாகக் காது மந்தமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லாம் படப்பிடிப்பின் ஆறாம் நாள் வந்த வினை. ஒரு குடும்பத் தொடருக்காக வாடகைக்கு எடுத்த வீடு. பின்புறத்து முற்றத்தில் மாலை வெளிச்சம் போவதற்குள் ஒரு காட்சியை முடித்தாக வேண்டும். மேலே கட்டிய விளக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. லைட்மேன் ஏணியைச் சாத்திப் பார்த்துவிட்டு, ஒரு காலில் ரப்பர் கழன்றுவிட்டது, வழுக்குகிறது, பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றான். ஆட்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். மேனேஜர் கையில் போன் இருந்தது, போனில் தயாரிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். "ஏறுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். அவர் பிடித்திருக்கலாம். இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன.

விழுந்தவனுக்கு இடுப்பும் தொடையும் முறிந்தன. தலையில் பட்ட அடியில் அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு நடந்தது எதுவுமே அவனுக்கு நினைவில்லை. தயாரிப்புக் கம்பெனி எழுதிக் கேட்டபோது மேனேஜர் எழுதிக் கொடுத்தார்: ஏணி நல்ல நிலையில் உள்ளது, யாரும் சொல்லாமல் தானாக ஏறினார், கவனக்குறைவு. மூன்று வரி. அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு கம்பெனி மருத்துவச் செலவிலிருந்து கை கழுவிவிட்டது. எழுதிய கையோடு இன்னொரு சிக்கலும் வந்து சேர்ந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஏணியை எப்படி மாற்றுவது? மாற்றினால், ஏன் மாற்றினாய் என்று கேட்க மாட்டார்களா? அதனால் அதே ஏணி அதே முற்றத்தில் அதே ஒன்றரைக் காலோடு நின்றது.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். லைட்மேனைத் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் கவனித்தார். சட்டை மாற்றும்போது நடிகர் கழற்றிய காலர் மைக் முற்றத்து ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது; மைக்கை யாரும் அணைக்கவில்லை. பழைய சவுண்ட் மிக்ஸர் மறுநாளே பெரிய படம் ஒன்று கிடைத்துக் கிளம்பிவிட்டார். போகும்போது, ஆறாம் நாள் வரைக்கும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதான். ஆனால் மேனேஜர் பத்து நாளாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாலும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்புக்கு என்ன என்று அவள் கேட்டாள். சரியாகத் தூக்கமில்லை என்று மென்று முழுங்கினார்.

காது மந்தக்காரரை டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியை அவரே வரவழைத்தார். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மேனேஜர் கேட்பதற்கெல்லாம் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு பதில் சொன்னார். அந்தச் சாய்ப்பே இவருக்குப் பிடிக்கவில்லை. இவருடைய மூச்சுக்குள் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அந்தப் பெண்மணி கேட்டது ஒன்றுதான்.

"இதுக்கு முன்னாடி எடுத்த சவுண்ட் முழுசும் எனக்கு வேணும் சார். அதைக் கேட்டாத்தான் நான் எடுக்கறது அதோட ஒட்டும்."

ஹார்ட் டிஸ்க் எடிட்டரிடம் இருக்கிறது, எடிட்டர் ஊரில் இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்று மேனேஜர் மூன்று நாள் சாக்குப்போக்குச் சொன்னார். நான்காம் நாள் அந்த அம்மாள் தானே எடிட்டரிடம் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

லைட்மேனின் மனைவி தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போன் செய்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ ஒவ்வொரு தடவையும், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். "இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம்ணா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கம்பெனி கேக்கும்ணா. அவர் அப்படி இஷ்டத்துக்கு ஏறுற ஆள் இல்லன்னு உங்களுக்கே தெரியும்ல." பார்க்கிறேன்மா என்பார் மேனேஜர். வைத்தபிறகு கொஞ்ச நேரம் அந்தப் போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கும்.

புதிய சவுண்ட் மிக்ஸர் சேர்ந்த அன்று, முற்றத்தில் விட்டுப்போன காட்சியையே எடுத்தார்கள். வந்தவுடன் எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னார். மேனேஜர் மட்டும் அணைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எந்தச் செய்தி வருமோ என்று சத்தத்தை மட்டும் நிறுத்தி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பத்து மணி வாக்கில் அந்த அம்மாள் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவர் பக்கம் வந்தார்.

"ஆறாம் நாள் ஃபைல் கேட்டேன் சார். டைரக்டர் கட் சொன்னதுக்கப்புறமும் நாலு நிமிஷம் ஓடியிருக்கு. அதைப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்."

அதற்குள் டைரக்டர் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாள் போய்விட்டார். மூன்று மணி நேரம் மேனேஜர் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோன் போட்ட முகத்தில் என்ன தெரியும்? வேலை போகும், அது பெரிதில்லை. போலீஸ் வரும். பத்தாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு உட்காருவாள்? எல்லாவற்றையும்விட, அண்ணா அண்ணா என்கிறவள் என்ன சொல்வாள்?

சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மாள் மறுபடி வந்தார். அந்த நாலு நிமிடமும் ஜெனரேட்டர் இரைச்சல்தான், யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை என்றார். எடிட்டருக்குப் போகிற லிஸ்டிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்க நினைத்தது.

"எடுத்துடுங்க மேடம்" என்றார் மேனேஜர். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்று அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சமையல்காரரிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். இரண்டு வாரத்தில் முதல்முறையாகக் கொட்டாவி வந்தது.

மூன்று மணிக்குக் காட்சி முடிந்தது. மழைக் காட்சி என்பதால் முற்றமெல்லாம் தண்ணீர். எல்லாரும் கலைவதற்குள் அந்த அம்மாள் கையை உயர்த்தினார். காட்சி எடுத்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது அவர்கள் வழக்கம். பேச்சுக்கு இடையில் வெட்டி ஒட்டும்போது ஓட்டை தெரியாமல் நிரப்ப அது வேண்டும். ரூம் டோன் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் யாரும் நகரக்கூடாது, செருமக்கூடாது, நின்றவர் நின்றபடி நிற்க வேண்டும்.

எல்லாரும் நின்றார்கள். டைரக்டர் ஒரு கையில் டீயோடு நின்றார். நடிகை தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்த கையோடு நின்றார். விளக்கை அவிழ்க்க ஏறிய புதிய லைட்மேன் ஏணியின் மேலேயே நின்றான்.

மேனேஜர் அப்போதுதான் மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ரப்பர் இல்லாத கால், ஈரத் தரையில், நகத்தளவு நகர்ந்தது. நின்றது. மேலே இருந்தவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். அது மறுபடி நகர்ந்தது. வேறு யார் கண்ணும் அங்கே இல்லை. இன்னும் முப்பது விநாடிதான், தாங்கும் என்று அவருக்குள் யாரோ சொன்னார்கள். ஏறுப்பா ஒண்ணும் ஆகாது என்று சொன்ன அதே ஆள்தான்.

அவர் ஓடினார். செருப்பு தண்ணீரில் சளசளத்தது. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்து, தன் பாதத்தை அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்து நின்றார். எல்லாத் தலையும் திரும்பியது.

"என்ன சார்?" என்றான் மேலே இருந்தவன்.

"அசையாம நில்லுப்பா. இது வழுக்கும்" என்றார். மூச்சு வாங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்கும் வழுக்கிச்சு. புடிச்சுக்க ஆள் வேணும்னு அவன் கேட்டான். நாந்தான் புடிக்காம ஏறச் சொன்னேன்."

டைரக்டரின் டீ சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. உயர்த்திய கையை அந்த அம்மாள் இன்னும் இறக்கவில்லை. பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அப்போது மேனேஜரின் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. மூன்று மணிக்கு மேல் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். நெஞ்சு ஏணியோடு அழுந்தியிருந்ததால் அந்த அதிர்வு இரும்புக்குள் இறங்கி, அடியிலிருந்து உச்சிவரை ஏணி முழுவதும் மெல்ல முனகியது. எடுக்க அவருக்குக் கை இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.