கோடு விழும் எடை

இந்த ஆளுக்கு வாழ்நாளில் ஒரு வேளைச் சாப்பாடாவது தவறியிருக்குமா என்று நாடீன் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். தவறியிருக்காது. தவறியிருந்தால் அந்த வயிறு இப்படி பெல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காது. கையில் பாதி தின்ற ஹாட் டாக், உதட்டோரத்தில் கடுகுச் சாந்து. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு பத்து, பதினோரு வயதுப் பையன்களுக்குப் பசியின் மகிமையைப் போதிக்கிறான்.

பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் மாத வெயிலில் முகம் வெந்து சிவக்க, கோச் கோர்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நாடீனின் மகன் கால்வின்.

மற்ற நாட்களில் கோர்டி வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டித் தருகிறவன். பிரெனாக் ஊரில் அவனிடம் யாரும் ஹீட்டரைத் தவிர வேறு எதைப் பற்றியும் யோசனை கேட்டது கிடையாது. ஆகஸ்ட் பிறந்து, கழுத்தில் அந்த விசில் ஏறிவிட்டால் போதும். போர், தியாகம், குடும்பம் என்ற மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு நவம்பர் வரைக்கும் பேசுவான். அப்பாக்கள் கைகட்டிக் கேட்பார்கள்.

எடைக்கு ஒரு விதி இருந்தது. நூற்று இருபது பவுண்டுக்கு மேல் போன பையனின் ஹெல்மெட்டில், நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். கோடு விழுந்த பையன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. முன்வரிசையில் குனிந்து நின்று எதிராளியைத் தள்ளலாம், முட்டலாம், அவ்வளவுதான். பெரிய உடம்பு ஓடிவந்து சின்ன உடம்பை நசுக்கிவிடக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்த விதி. அந்த நல்ல எண்ணத்தை இந்த ஊர் ஆம்பிளைகள் என்ன பாடு படுத்துவார்கள் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தெரிந்திருக்காது. சனிக்கிழமை காலையில் ஆட்டத்துக்கு முன்னால் லீக்கிலிருந்து ஒருவர் எடை எந்திரத்தோடு வருவார். அந்த எந்திரத்தைச் சுற்றித்தான் பிரெனாக்கில் வாரமே ஓடியது.

ஊர்ப் பேச்சிலேயே அது ஏறிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெண் கொஞ்சம் சதை போட்டால், பீர் கிளப்பில் "அவளுக்குக் கோடு விழுந்துடுச்சுடா" என்பார்கள். கிழட்டு நாய்க்கும் அதே சொல்தான், வேலை போனவனுக்கும் அதே சொல்தான். கால்வின் பிறந்த வருஷம், நாடீனைப் பற்றி அவள் கணவன் வெஸ்ஸே விருந்தாளிகள் முன்னால் அப்படிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் தனக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

வெஸ்ஸுக்குக் கோடு விழுந்ததே இல்லை. மைதானத்தில் தின்பண்டம் விற்கிற ஜன்னலுக்கு மேல், அவன் சின்ன வயதில் இதே அணியில் ஆடிய காலத்துப் படம் இருக்கிறது. பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடும் பல்லி மாதிரி ஒரு சின்னப் பையன். இப்போது டயர் கடையில் வேலை, முதுகுவலி, நரைக்கத் தொடங்கிய தாடி. ஆனாலும் நாச்சோஸ் வாங்க வரிசையில் நிற்கும்போது அவன் கண் அந்தப் படத்துக்கு ஒருமுறை போய்விட்டுத்தான் திரும்பும். கூட இருந்து பார்த்தவளுக்குத் தெரியும், அவன் வாழ்க்கை அந்தப் படச் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அதைப் பற்றிய பேச்சு.

செப்டம்பரில் கோர்டியின் பேட்ஜர்ஸ் அணி ஜெயிக்கத் தொடங்கியது. கால்வின்தான் ஓடினான். பந்து அவன் கைக்குப் போனால் எதிரணிப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்க, இவன் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருப்பான். ஓடுகிறவனின் அம்மாவுக்குப் பார்வையாளர் பலகையில் நடு இடம். கோர்டியின் மனைவி டிரிஷ், ஒரு கம்பளியை விரித்து நாடீனுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்தாள். போன வருஷம் வரைக்கும் நாடீனின் பெயரை நேடின், நோரீன் என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டவள். நாடீன் அதில் உட்கார்ந்தாள். மகனின் எண் போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டாள். இந்த ஜனங்களைப் பார்த்தால் குமட்டுகிறது என்று நினைத்துக்கொண்டே அந்தக் கம்பளியின் கதகதப்பை அனுபவித்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஆனால் பையன் வளர்ந்துகொண்டிருந்தான். ஷூ கடித்தது. தோள் அகன்றது. சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறியது. வேறு எந்த ஊரிலும் இதைப் பார்த்து அப்பன்மார் மகிழ்ந்து போவார்கள். இங்கே வெஸ் இரவு குளியலறை எடை எந்திரத்தின் மேல் குனிந்து நின்று, கடனுக்கு வந்த பேங்குக்காரனை வீட்டு வாசலில் பார்த்தவன் மாதிரி முகம் வெளுத்தான். முதலில் ரொட்டியை நிறுத்தச் சொன்னான். பிறகு பையனுக்கு உயிரான முட்டைக்கோஸ் நூடுல்ஸ் நின்றது. வெள்ளிக்கிழமை இரவானால் கொஞ்சம் கீரைத்தழை, ஒரு அவித்த முட்டை. சொன்னது வெஸ், பரிமாறிய கை அவளுடையது.

அக்டோபரில் குப்பைப் பையில் ஓட்டை போட்டுத் தலைவழியாக மாட்டிவிட்டு, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, வேர்த்து எடை இறங்கட்டும் என்று ஓடவிட்டார்கள். அதுவும் போதாமல் எச்சில். வாயில் உள்ள தண்ணீரும் எடைதானே என்று கோர்டி கண்டுபிடித்தான். புகையிலை மென்று பாட்டிலில் துப்புவது இந்த அப்பாக்களுக்குக் கைவந்த கலை. எல்லோருடைய வண்டியிலும் கியர் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டில் இருக்கும், பழுப்பாக. மகன்களுக்கும் ஆளுக்கொரு காலி பாட்டிலும் ஒரு பொட்டலம் சூயிங்கமும் கொடுத்தார்கள். நாள் முழுக்க மெல்ல வேண்டும், முழுங்கக்கூடாது, துப்ப வேண்டும்.

அந்தப் பாட்டிலால்தான் பள்ளியிலிருந்து நாடீனுக்கு அழைப்பு வந்தது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலை மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் கைவேலையை விட்டுவிட்டு ஓடினாள். தலைமை ஆசிரியர் வாஸ்கோவின் மேசை மேல் கால்வினின் பாட்டில் நின்றது.

அவர் மிகவும் வருந்தி, மிகவும் நிதானமாகப் பேசினார். இந்த வயதிலேயே புகையிலை என்றால் பிற்காலத்தில் என்னவாகும், வீட்டில் யாராவது கவனிக்கிறார்களா, பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், கூச்சப்பட வேண்டாம் என்றார். கால்வின் பக்கத்து நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

"புகையிலை இல்ல சார்," என்றாள் நாடீன். "வெறும் எச்சில். சனிக்கிழமை எடைக்காக."

வாஸ்கோவின் முகம் அப்படியே மலர்ந்தது. "அட, எடைக்கா. அத முதல்லயே சொல்லியிருக்கலாமேடா தம்பி. நான் பாட்டுக்கு பயந்துட்டேன்." பாட்டிலைப் பத்திரமாக எடுத்துப் பையனிடம் திருப்பிக் கொடுத்தார். "எவ்வளவு இறக்கணும்? சனிக்கிழமை ஓடிருவேல்ல?"

நாடீன் காரில் போய் உட்கார்ந்தும் சாவியைத் திருகவில்லை. படித்த மனுஷன். ஒரு பிள்ளை தன் வாய் ஈரத்தைக்கூட முழுங்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், அது இவருக்கு நல்ல செய்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, தானும் ஏதோ சரியான காரணம் சொல்லி மகனை மீட்டுவிட்ட மாதிரி அந்த அறையில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது ஞாபகம் வந்தது.

அரையிறுதி நவம்பர் முதல் சனிக்கிழமை. புல்லில் உறைபனி. எந்திரம் ஒரு துளி அதிகம் காட்டியது. கால்வின் சட்டையைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான், இன்னும் காட்டியது. உடனே நாலு அப்பாக்கள், பல நாள் பழக்கம் போல, ஒரு பெரிய துண்டை விரித்து அவனைச் சுற்றித் திரை பிடித்தார்கள். உள்ளே அவன் கடைசித் துணியையும் கழற்றினான். மைதானமே வாயை மூடிக்கொண்டு நின்றது. டயர் விற்கிறவன், ஹீட்டர் மாட்டுகிறவன், லாரி ஓட்டுகிறவன், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன், அத்தனை பேரும் ஒரு அம்மணப் பையன் மேல் கண்படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பயபக்தியோடு துண்டு பிடித்தார்கள். இவர்கள் தங்கள் மனைவி பிள்ளை பெறும்போதுகூட இவ்வளவு கவனமாக நின்றிருக்க மாட்டார்கள்.

"சரியா இருக்கு," என்றார் எடைக்காரர். துண்டு காற்றில் பறந்தது. ஆரவாரம்.

கால்வின் நடுங்கிக்கொண்டே ஓடிவந்து அம்மாவின் காதில் சொன்னான்: "நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு சொட்டு முழுங்கலம்மா. ஒரு சொட்டுகூட."

பரிசு வாங்கிய பிள்ளையின் குரல் அது. அன்று அவன் மூன்று முறை எல்லையைத் தொட்டான், மூன்றாவது முறை தொட்ட இடத்திலேயே மஞ்சளாக வாந்தி எடுத்தான். கோர்டி அவன் முதுகில் தட்டி, இதுதான்டா வீரன் என்றான்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் கால்வினோடு அவன் தோழன் மார்ட்டி இருந்தான். இரண்டு பேரும் நடை பழகிய நாளிலிருந்து சேர்ந்து திரிகிறவர்கள். மார்ட்டிக்கு முதல் வாரமே கோடு விழுந்துவிட்டது. அவன் பாட்டுக்கு முன்வரிசையில் நின்று யாரையாவது தள்ளிவிட்டு, முடிந்ததும் பசியோடு வந்து சாப்பிடுவான். இப்போதும் டோனட் பெட்டியைத் திறந்து, ஒன்றைக் கால்வினிடம் நீட்டினான்.

"எடுடா. ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே."

கால்வின் டோனட்டைப் பார்க்கவில்லை. மார்ட்டியின் வயிற்றைப் பார்த்தான். "நீயே தின்னு. உனக்கென்ன, இனிமே இழக்கறதுக்கு என்ன இருக்கு? கோடு விழுந்தவனுங்க எல்லாம் சோம்பேறிங்க. கோச்சே சொன்னாரு."

மார்ட்டி பெட்டியை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெஸ் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தான். நாடீன் கண்ணாடியில் மகனின் முகத்தைப் பார்த்தாள். மேலுதடு ஒரு பக்கம் சுருண்டிருந்தது. அவளுக்கு அது புதிதில்லை. கோர்டியைப் பார்க்கும்போது, வாஸ்கோவைப் பார்க்கும்போது, துண்டு பிடித்த கூட்டத்தைப் பார்க்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பெரியவர்களை இகழ்ந்தாள், அதற்கு ஒவ்வொன்றாகக் காரணம் வைத்திருந்தாள். இவன் பசித்துச் சாப்பிடுகிற ஒரு பிள்ளையை இகழ்கிறான். அன்று இரவு குளியலறைக் கதவு இடுக்கில் பார்த்தாள். அவன் கண்ணாடி முன்னால் நின்று தன் இடுப்புச் சதையை விரலால் கிள்ளி இழுத்து, அதையும் அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் தோற்றாலும் ஜெயித்தாலும் இந்த முகம் அவனோடு இருக்கப்போகிறது. அது இறுகுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் கோர்டி வீட்டுக்கே வந்துவிட்டான். கீழ்த்தளத்தில் கால்வின் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுகிற சத்தம் தரைக்கு அடியிலிருந்து தட்தட்டென்று வந்தது. மூன்று பவுண்டு அதிகம். துண்டு பிடித்துத் தீருகிற எடை இல்லை.

கோர்டி சமையல் மேசையில் கையை ஊன்றி, சுற்றி வளைத்துப் பேசினான். ஊர் முழுக்க எப்படி எதிர்பார்க்கிறது, இந்தப் பையன்களுக்கு இது வாழ்நாள் நினைவு, நாமெல்லாம் ஒரு குடும்பம். வெஸ் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"நீ வேலை பாக்குற இடத்துல கால் வீங்குன கிழங்களுக்கு ஒரு மாத்திரை குடுப்பீங்களாமே," என்றான் கோர்டி. "தண்ணிய இறக்கிவிடுமாம். ஒண்ணே ஒண்ணு, நாடீன். நாளைக்குக் காலைல ரெண்டு தடவ பாத்ரூம் போனா முடிஞ்சுது."

"இல்ல," என்றாள் நாடீன்.

"அவன் அப்பன் சரின்னுட்டான்."

"தெரியுது."

அவள் காரணம் சொல்வாள் என்று கோர்டி காத்திருந்தான். அந்த மாத்திரையில் உடம்பின் உப்புச்சத்து இறங்கினால் இதயம் என்னவாகும் என்று சொல்லலாம், வேலை போய்விடும் என்று சொல்லலாம், இரண்டுமே உண்மை. ஆனால் காரணம் கொடுத்தால் அதைப் பேசித் தீர்க்க இவன் உட்கார்ந்துவிடுவான். இவனோடு பேசித் தீர்க்க அவளுக்கு எதுவும் இல்லை. வெஸ் மெதுவாகத் திரும்பினான். ஒரு ஆட்டம்தானே, இந்த ஒரு தடவை மட்டும், ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று என்னவோ சொன்னான்.

கீழே ஓட்டச் சத்தம் நின்றது. படியேறி வந்து கதவில் நின்றான் கால்வின். கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் முகம் மட்டும் தெரிந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவனிடமும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

"குடுத்துடும்மா," என்றான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இல்லடா."

"ஒண்ணுதானே."

"இல்ல."

அவன் கண் நிறைந்தது. பிறகு அந்த உதடு சுருண்டது, இப்போது அவளைப் பார்த்து. "நீ ஒரு நாளும் எங்க டீம்ல இருந்ததே இல்ல," என்றான்.

கோர்டி தலையாட்டினான், சரியாகச் சொன்னாய் என்பது போல. நாடீன் மகன் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. பையன் அழட்டும், இகழட்டும், இந்த வருஷம் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும்.

"ஆமா," என்றாள். "மாத்திரை கிடையாது, கால்வின்."