பெரிய டாக்டரின் கடைசிச் சீவல்

திசுக்களைச் சீவும் இயந்திரத்தின் முன் முப்பது வருஷம் உட்கார்ந்தவளை ஆய்வகமே ‘கத்தியக்கா’ என்றுதான் கூப்பிடும். அதுவரை அவள் சீவியதை ஒட்டிப் போட்டால் நிலாவுக்கே கம்பளம் விரிக்கலாம். அப்பேர்ப்பட்டவளே அன்று கத்தியை இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். சீவுவதற்காக மெழுகில் பதிந்திருந்தது, பெரிய டாக்டரின் சொந்தக் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டி. கெட்ட கட்டியோ என்ற பயத்தில் அவரே அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“இன்னும் மெலிசா சீவும்மா.”

“இதுக்கு மேல மெலிசுன்னா வெறும் காத்துதான் சார்.”

அவர் விடவில்லை. ஒவ்வொரு சீவலையும் தடிமனாக இருக்கிறது என்று குப்பையில் போடவைத்தார். கட்டியே தீர்ந்துபோய், கடைசியில் ஒரே ஒரு சீவல் மிஞ்சியது. அதைத் தூரிகையில் எடுக்கும்போது கத்தியக்காவுக்குத் தும்மல் வந்தது. தும்மலா அது! ஜன்னல் மூன்றும் தானாகத் திறந்துகொண்டன. சீவலைக் காணோம்.

டாக்டர் பதறிப்போய் மேஜைக்கடியில் குனிந்தார். அவருடைய வழுக்கையின் உச்சியில் சீவல் பளபளத்தது.

“அசையாதீங்க சார்! உங்க பொருள் உங்ககிட்டயே வந்துடுச்சு.”

அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவள் அதை அலுங்காமல் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, ஊதாவும் ரோஜாவுமாகச் சாயம் ஏற்றினாள். நுண்ணோக்கியில் பார்க்க டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. சின்ன டாக்டரம்மாதான் பார்த்தார்.

“சாதாரணக் கட்டிதான் சார், பயமே வேண்டாம். ஆனா ஓரத்துல ஒரு முடி ஒட்டியிருக்கே?”

“என் தலையிலயா முடி? தள்ளும்மா, நான் பாக்கறேன்!”